பத்திரத்தில் இல்லாத அமெரிக்கா

சென்ற இதழில் கொலம்பஸ் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "அவருக்கு இருபது வருடம் முன்னாலேயே ஒரு போர்ச்சுக்கீசியர் அமெரிக்காவைத் தொட்டுவிட்டார் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை" என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கொலம்பஸை விட்டுவிட்டு எல்லோரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். சரி, இந்த முறை பக்கம் முழுக்க அவர்தான். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பெயரைக்கூடச் சொல்லாமல் தாண்டிப் போய்விட்டீர்களே ஐயா. யார் அந்த மாலுமி? (கல்லூரி மாணவி ஒருவர்)

ஜோவாவ் வாஸ் கோர்த்தே-ரியால். 1420 வாக்கில் பிறந்தவர், 1496-ல் இறந்தவர். போர்ச்சுக்கலின் தென்கோடியில் இருக்கும் அல்கார்வ் பகுதிக் குடும்பம். புத்தகங்கள் மாலுமி என்று போடுகின்றன. ஆனால் ஆவணங்களில் அவர் முதலில் தலைகாட்டுவது கப்பலில் இல்லையம்மா, அரண்மனை வாசலில். இளவரசர் ஃபெர்னாண்டோவின் மாளிகையில் தலைமை வாயில்காப்பாளர். கம்பு பிடித்து நிற்கிற உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். இளவரசரை யார் பார்க்கலாம், யார் திண்ணையோடு திரும்ப வேண்டும் என்பது இவர் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய செல்வாக்கு குறைவு.

இந்த ஃபெர்னாண்டோ, அரசர் ஐந்தாம் அஃபோன்சோவின் தம்பி. கடலோடி ஹென்றி என்று பள்ளியில் படித்திருப்பீர்களே, அவருடைய சுவீகாரப் பிள்ளையும்கூட. 1460-ல் ஹென்றி இறந்தபோது அட்லாண்டிக் தீவுகள் எல்லாம் இவருக்கு வந்தன. 1470-ல் இவரும் இறந்தார். பிள்ளைகள் சின்னவர்கள்; சொத்து முழுவதையும் விதவை பெயாத்ரிஸ் கட்டி ஆண்டார். கெட்டிக்காரப் பெண்மணி. பின்னால் அரசராக வந்த மானுவேல் இவர் மகன்தான்.

அசோர்ஸ் என்பது லிஸ்பனுக்கு மேற்கே ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் இருக்கும் ஒன்பது தீவுகள். அதில் டெர்செய்ரா ஒன்று. அதன் முதல் கேப்டன் ஜாக்கொமே டெ புரூஜ் என்ற ஃப்ளெமிஷ்காரர் (இன்றைய பெல்ஜியம் பக்கம்), 1470-களின் தொடக்கத்தில் காணாமல் போனார். பெயாத்ரிஸ் 1474-ல் தீவை இரண்டாகப் பிரித்தார். ப்ராயா ஊரைச் சேர்ந்த பாதி ஆல்வரோ மார்ட்டின்ஸ் ஓமெம் என்பவருக்கு. ஆங்ரா ஊரைச் சேர்ந்த பாதி நம் ஆளுக்கு. 1483-ல் பக்கத்துத் தீவு சாவ் ஜோர்ஜும் இவர் கைக்கு வந்தது. ஸ்பெயினின் வடமேற்கு மூலையான காலிசியாவைச் சேர்ந்த மரியா அபார்க்காவைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்து, 1496 ஜூலையில் ஆங்ராவில் கண்ணை மூடினார்.

கேள்வி: தீவு, விதவை, பாகப்பிரிவினை எல்லாம் சரி. இதில் அமெரிக்கா எங்கே வந்தது? (ஓய்வு பெற்ற தபால்காரர்)

ஒரு பாதிரியார் வழியாக வந்தது. காஸ்பர் ஃப்ருத்துவோசோ, 1522-ல் சாவ் மிகேல் தீவில் பிறந்தவர். அசோர்ஸ் தீவுகளின் கதையை விரிவாக எழுதி வைத்த பெரியவர். அவரைத் தொடாமல் இன்றைக்கும் அந்தத் தீவுகளைப் பற்றி யாரும் எழுத முடியாது. அவர் சொல்வதன் சாரம் இது: புரூஜ் காணாமல் போய், டெர்செய்ரா கேட்பாரில்லாமல் கிடந்த சமயம். அரசர் ஆணைப்படி 'காட் மீன் தேசத்தை'த் தேடிப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பேர் அங்கே ஒதுங்கினார்கள். தீவு மனதுக்குப் பிடித்துவிட்டது. நாடு திரும்பியதும், செய்த வேலைக்குக் கைம்மாறாக அதையே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த இரண்டு பேர் ஜோவாவ் வாஸும் ஓமெமும்.

காட் மீன் தேசம் என்றால் கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து. பயணம் நடந்தது 1472 அல்லது 1473 என்று பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். 1717-ல் அந்தோனியு கோர்தெய்ரோ என்ற ஏசு சபைப் பாதிரியார் இதே கதையைத் தன் புத்தகத்தில் அச்சேற்றினார். அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்.

இனி என் கட்சியைச் சொல்கிறேன். நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுதியே தலை நரைத்தவன். யாராவது பூர்வீகக் கதை சொன்னால் எனக்குக் காது கதையில் நிற்காது. தாய்ப் பத்திரம் எங்கே என்றுதான் கேட்கும். இந்த விஷயத்தில் தாய்ப் பத்திரம் இருக்கிறது. 1474 ஏப்ரல் 2-ஆம் தேதியிட்டு, பெயாத்ரிஸ் தன் மைனர் மகன் டியோகுவின் காப்பாளராக இருந்து எழுதிக்கொடுத்த தானப் பத்திரம். வாங்குகிறவர் யார், கொடுக்கும் காரணம் என்ன, எந்தப் பகுதி, என்னென்ன பாத்தியம், எல்லாம் அதில் வருகிறது. காரணம் என்று சொல்லப்படுவது இவர் அந்தக் குடும்பத்துக்குச் செய்த சேவை. புதுத் தேசம் கண்டுபிடித்ததாக ஒரு சொல் கிடையாது. காட் மீன் கிடையாது. மேற்குக் கடல் கிடையாது.

இன்னொன்றும் உறுத்துகிறது. பாதிரியார் கதைப்படி இவர்களை அனுப்பியது அரசர். அப்படியானால் கூலி கொடுக்க வேண்டியது அரசர் அல்லவா? கொடுத்தது என்னவோ அரசரின் தம்பி மனைவி, தன் பிள்ளையின் சொத்திலிருந்து. வீட்டு வாசலைக் காத்த விசுவாசிக்கு எஜமானியம்மா ஒரு பாதித் தீவைக் கொடுத்தார் என்று படித்தால் எல்லாம் இடம் பார்த்து உட்காருகிறது. அமெரிக்காவை நடுவில் நுழைத்தால்தான் இடிக்கிறது.

அப்புறம் வருடக் கணக்கு. ஃப்ருத்துவோசோ எழுதியது நிகழ்ச்சிக்கு நூறு வருடம் கழித்து. அதற்குள் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் போர்ச்சுக்கீசியர் காட் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வரைபடங்களில் அந்தக் கரைக்கே 'கோர்த்தே-ரியால்கள் நிலம்' என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயர் விழக் காரணம் மகன்கள். அவர்களுக்குக் கீழே வருகிறேன். மகன்களின் புகழ் பின்னோக்கிப் போய் அப்பா தலையிலும் ஏறிவிட்டது என்பது என் கணிப்பு. பாதிரியார் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஊரில் பேசிக்கொண்டதை எழுதினார். ஊர் அப்படித்தான் பேசும்.

கேள்வி: போர்ச்சுக்கீசியர் கண்டுபிடிப்புகளை ரகசியமாக வைத்திருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். ஆவணம் இல்லை என்பதை வைத்துப் பயணமே இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? (வரலாற்று ஆசிரியை)

நல்ல அடி அம்மா. இந்த வாதத்தை 1920-களில் பெரிதாக எடுத்து வைத்தவர் ஜைமே கோர்த்தெசாவ் என்ற போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர். அதில் உண்மையும் இல்லாமல் இல்லை. இந்தியப் பாதை வரைபடங்களை அவர்கள் பொத்திப் பொத்தித்தான் வைத்தார்கள். 1502-ல் இத்தாலியின் ஃபெராரா கோமகனுடைய ஆள் ஆல்பெர்த்தோ காந்தினோ, லிஸ்பனில் ஒரு உலக வரைபடத்தைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுக்கச் செய்து 12 தங்க டுகாட் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இன்றும் அது இத்தாலியின் மோதெனா நூலகத்தில் இருக்கிறது.

ஆனால் ரகசியம் என்றால் ஊராருக்கு ரகசியம். அரசரிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் சம்பந்தியிடமும் சேர்த்து ரகசியமாக இருக்குமா? பாருங்கள்.

1486-ல் ஃபெர்னாவ் துல்மோ என்பவர் அரசர் இரண்டாம் ஜோவாவுடன் ஒப்பந்தம் போடுகிறார். மேற்கே ஒரு பெரிய தீவோ, தீவுக் கூட்டமோ, பெருநிலமோ இருக்க வேண்டும், அது பழங்கதையில் வரும் ஏழு நகரத் தீவாக இருக்கலாம், என் செலவில் போய்த் தேடுகிறேன், கிடைத்தால் எனக்கு எழுதிக்கொடுங்கள் என்கிறார். பணம் பற்றாததால் மடைராத் தீவுக்காரர் ஒருவரைக் கூட்டுச் சேர்க்கிறார். இரண்டு கப்பல், ஆறு மாத உணவு. முதல் 40 நாள் துல்மோ சொல்கிற திசை, அதற்கப்புறம் கூட்டாளி சொல்கிற திசை என்று எழுத்தில் ஏற்பாடு. இந்த துல்மோ எந்த ஊர்? டெர்செய்ரா. அதே தீவு. அங்கே ஜோவாவ் வாஸ் பன்னிரண்டு வருடமாகக் கேப்டன். மேற்கே நிலத்தைக் கண்டுவிட்டு வந்தவர் அதே தீவில் உட்கார்ந்திருக்க, அரசரும் துல்மோவும் 'இருக்கலாம், கிடைக்கலாம்' என்று இழுத்துக்கொண்டா இருப்பார்கள்? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுபோல் ஆகிவிடும்.

இனி சம்பந்தி வீடு. ஜோவாவ் வாஸின் மகள் இசபெல், அசோர்ஸிலேயே இன்னொரு தீவான ஃபயாலின் கேப்டன் குடும்பத்து வாரிசைக் கட்டிக்கொண்டவள். அதே குடும்பத்தின் மாப்பிள்ளை நியூரம்பர்க்கைச் சேர்ந்த மார்ட்டின் பெஹைம். இன்று மிஞ்சியிருக்கும் பூமி உருண்டைகளில் மிகப் பழையதைச் செய்வித்தவர்; 1492-ல், கொலம்பஸ் திரும்பி வருவதற்கு முன்பு. அந்த உருண்டையில் அசோர்ஸ் இருக்கிறது. மேற்கே கற்பனைத் தீவுகளும் இருக்கின்றன. அவற்றைத் தாண்டினால் ஜப்பான், சீனா. காட் மீன் தேசம் இல்லை. மாமனார் வீட்டு விருந்தில்கூட ஒருவரும் வாய் தவறவில்லை என்றால், அது ரகசியம் காத்ததாகாது, சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் ஆகும்.

கடைசியாக, லிஸ்பன் நிலநடுக்கம். 1755-ல் எல்லாம் அழிந்துவிட்டது, அதில் இதுவும் போயிருக்கும் என்பார்கள். அரசு ஆவணக் களரி இருந்த கோபுரம் இடிந்தது உண்மை. ஆனால் இடிபாட்டுக்குள்ளிருந்து பெரும்பாலான ஏடுகளை மீட்டுவிட்டார்கள். மகன்களின் பத்திரங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அப்பாவின் அமெரிக்காவை மட்டும் பார்த்துப் பார்த்து விழுங்கிய நிலநடுக்கம் என்றால், அது கொஞ்சம் விவரமான நிலநடுக்கமாக இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: டென்மார்க் அரசர் அனுப்பிய கப்பலில் இவர் போனார் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? (பெயர் வேண்டாம் என்றவர்)

உங்கள் நண்பர் சோஃபுஸ் லார்சென் கட்சி. டென்மார்க் நூலகரான அவர் 1925-ல் ஒரு புத்தகமே போட்டார். அடிப்படை ஒரு கடிதம். 1551-ல் கீல் நகர மேயர் கார்ஸ்டென் கிரிப், டென்மார்க் அரசர் மூன்றாம் கிறிஸ்டியனுக்கு எழுதியது. அதில் ஒரு வரைபடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, "தங்கள் பாட்டனார் முதலாம் கிறிஸ்டியன், போர்ச்சுக்கல் அரசர் கேட்டுக்கொண்டதன்பேரில், பைனிங், போத்ஹோர்ஸ்ட் என்ற இரண்டு மாலுமிகளை வடக்கே புதுத் தீவுகள் தேட அனுப்பினார், அவர்கள் கிரீன்லாந்துக்கு எதிரே ஒரு பாறையில் பெரிய கடல் அடையாளம் நட்டார்கள்" என்கிற பொருளில் ஒரு தகவல் வருகிறது.

பைனிங் கற்பனை ஆள் இல்லை. பிறகு ஐஸ்லாந்துக்கே ஆளுநராக இருந்தவர். கடிதமும் அசல். ஆனால் கடிதத்தில் வருடம் இல்லை, கோர்த்தே-ரியால் இல்லை, அமெரிக்காவும் இல்லை. லார்சென் என்ன செய்தார்? போர்ச்சுக்கல் அரசர் கேட்டார் என்றால் ஒரு போர்ச்சுக்கீசியர் கூடப் போயிருக்க வேண்டும். அசோர்ஸ் பாதிரியார் சொன்னவர் அவராகத்தான் இருக்க வேண்டும். கிரீன்லாந்து வரை போனவர்கள் நியூஃபவுண்ட்லாந்து வரை போயிருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள், எத்தனை 'வேண்டும்'. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. அமெரிக்க வரலாற்றாசிரியர் சாமுவேல் எலியட் மோரிசன் 1940-ல் இந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் போட்டுவிட்டார்.

ஐரோப்பியர்களில் முதலில் போனவர் யார் என்பதுதான் உங்கள் நண்பரின் கவலை என்றால், அந்த வழக்கு எப்போதோ முடிந்தது. நியூஃபவுண்ட்லாந்தின் வடமுனையில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் நார்ஸ்காரர்களின் (வைக்கிங் என்போமே, அவர்கள்) வீட்டு அடித்தளங்களை 1960-களில் தோண்டி எடுத்தார்கள். அங்கே கிடைத்த மரத்துண்டுகள் 1021-ல் வெட்டப்பட்டவை. அதற்கும் பல்லாயிரம் ஆண்டு முன்பிருந்தே அங்கே மக்கள் குடியிருந்தார்கள்.

கேள்வி: இவர் வாஸ்கோ ட காமாவுக்கு உறவா?

இல்லை. ஆனால் ஒரு தொடுப்பு உண்டு. இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் வாஸ்கோவின் அண்ணன் பாவ்லோ ட காமா நோயில் விழுந்தார். 1499-ல் டெர்செய்ராவில் இறக்கினார்கள், அங்கேயே இறந்தார். ஆங்ராவில் ஃபிரான்சிஸ்கன் மடத்தில் அடக்கம். ஜோவாவ் வாஸ் இறந்து அப்போது மூன்று வருடம்.

கேள்வி: கேப்டன், கேப்டன் என்கிறீர்கள். தீவில் அவருக்கு என்ன வேலை? கப்பல் ஓட்டுவதா? (ஒன்பதாம் வகுப்பு மாணவன்)

தம்பி, எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். பெரியவர்கள் எல்லாம் அமெரிக்காவைக் கேட்கிறார்கள், நீ ஒருத்தன்தான் அந்த மனிதர் செய்த வேலையைக் கேட்டிருக்கிறாய்.

கப்பல் ஓட்டுவது இல்லை. இந்த வகைக் கேப்டன் நம் ஊர் ஜமீன்தாரும் மாஜிஸ்திரேட்டும் சேர்ந்த ஆள். தீவின் உடைமை அரச குடும்பத்துக்கு; அவர்கள் சார்பில் அங்கேயே தங்கி ஆள்வது கேப்டன். பதவி மூத்த மகனுக்குப் போகும். ஹென்றி காலத்தில் மடைராவில் எழுதிய பத்திரங்கள்தான் மற்ற தீவுகளுக்கும் மாதிரி, அதனால் பாத்தியங்கள் எல்லாத் தீவிலும் கிட்டத்தட்ட ஒன்றே. சிலவற்றைச் சொல்கிறேன்.

தீவில் மாவு அரைக்கும் ஆலை கேப்டனுக்கு மட்டும். கையால் திருகும் கல்லுக்குத் தடையில்லை. மற்றபடி கோதுமையை அவர் ஆலைக்குத்தான் கொண்டுபோக வேண்டும், அரைகூலியும் அவருக்கு. ஊருக்குப் பொதுவான ரொட்டி அடுப்பும் அவருடையது. தன் வீட்டுக்கு மட்டும் சுடச் சின்ன அடுப்பு வைத்துக்கொள்ளலாம், அடுத்தவருக்குச் சுட்டுக் கொடுத்தால் குற்றம். உப்பு அவரிடம் இருப்பு இருக்கும்வரை வேறு யாரும் விற்கக் கூடாது. அரச குடும்பத்துக்குப் போகும் பத்தில் ஒரு பங்கு வரியில், பத்தில் ஒரு பங்கு கேப்டனுக்கு. தரிசு நிலத்தை வருகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். வாங்கியவர் ஐந்து வருடத்துக்குள் பண்படுத்தாவிட்டால் திரும்பப் பிடுங்கி வேறொருவருக்குத் தரலாம். வழக்கு விசாரிக்கலாம், தண்டிக்கலாம். உயிரை எடுக்கவும் உறுப்பை வெட்டவும் மட்டும் அதிகாரம் கிடையாது.

ஆக, மாவு, ரொட்டி, உப்பு மூன்றும் ஒருவர் கையில். அமெரிக்காவைக் கண்டுபிடித்து ஆகப்போவது என்ன, சொல்! தீவில் விளைந்தது கோதுமையும், துணிக்கு நீலச் சாயம் தரும் ஒரு செடியும். இரண்டும் கப்பல் ஏறின. ஆங்ராவின் விரிகுடாவில் கப்பல்கள் ஒதுங்கிப் பாதுகாப்பாக நங்கூரம் போடலாம். அட்லாண்டிக் காற்று எப்படி வீசுகிறது என்றால், ஆப்பிரிக்காவிலிருந்தும் பின்னால் இந்தியாவிலிருந்தும் திரும்புகிற பாய்க்கப்பல்கள் வளைந்து அசோர்ஸைத் தொட்டுத்தான் லிஸ்பன் போக வேண்டியிருந்தது. பாதித் தீவைப் பங்கு பிரித்தபோது எந்தப் பாதியைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவர் ஜோவாவ் வாஸ். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு வேண்டுமானால் அவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

கேள்வி: மகன்களைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னீர்களே? (ஆசிரியை, மறுபடியும்)

மூன்று பேர். மூத்தவர் வாஸ்கோ ஆனெஸ், அடுத்து மிகேல், காஸ்பர். அப்பா மீது வைத்த பழம்பெருமை சந்தேகத்துக்கு உரியது. மகன்கள் விஷயத்தில் சந்தேகமே இல்லை, சோகம்தான்.

1500 மே 12-ல் அரசர் மானுவேல், காஸ்பருக்கு ஒரு பத்திரம் கொடுக்கிறார். காஸ்பர் முன்பே தன் கைக்காசைப் போட்டு, கப்பலும் ஆளும் சேர்த்து, உயிரைப் பணயம் வைத்துத் தீவுகளையும் பெருநிலத்தையும் தேடியவர். இனியும் தேடப் போகிறார். கிடைப்பதை அவருக்கே ஆள விடுகிறோம் என்பது சாரம். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு பத்திரம் வந்தால் முதல் கேள்வி, 'முன் பாத்தியம் ஏதாவது உண்டா?' அப்பா அந்தக் கரையை முன்பே கண்டிருந்தால் மகனுக்கு அதைவிடப் பெரிய பிடி கிடையாது. ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லை.

அந்த வருடம் வடக்கே போய் வந்தார். 1501-ல் மூன்று கப்பலோடு மறுபடி. அக்டோபரில் இரண்டு கப்பல்தான் லிஸ்பன் வந்தது. வந்த கப்பலில் மனிதர்கள் இருந்தார்கள். அந்தக் கரையிலிருந்து ஆணும் பெண்ணும் குழந்தையுமாகப் பிடித்து வரப்பட்டவர்கள். இரண்டு கப்பலிலும் சேர்த்து ஐம்பது பேருக்கு மேல். வரைபடம் வாங்கினாரே காந்தினோ, அவரும், வெனிஸ் தூதர் பியெத்ரோ பாஸ்குவாலிகோவும் நேரில் பார்த்து ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். சந்தையில் மாட்டைச் சுற்றி வந்து பார்ப்பவர்களின் எழுத்து அது. முகத்தில் பச்சை குத்தியிருந்ததையும், உடுத்திய தோலையும், உடல் கட்டையும் குறித்துவிட்டு, நல்ல உழைப்பாளி அடிமைகள் கிடைப்பார்கள், கப்பல் பாய்மரத்துக்கு மரமும் கிடைக்கும், அரசருக்கு மகிழ்ச்சி என்று முடிக்கிறார் வெனிஸ்காரர்.

அதே கடிதத்தில் இன்னொரு தகவல். அந்த மக்களிடம் இரும்பு கிடையாது, கத்தியும் அம்பு முனையும் கல்லில்தான். ஆனால் அவர்களிடமிருந்து உடைந்த வாள் துண்டு ஒன்று கிடைத்தது, பொன்முலாம் பூசியது, இத்தாலியில் செய்தது போல இருந்தது. ஒரு சிறுவன் காதில் வெள்ளி வளையம் இரண்டு. வெனிஸ் வேலைப்பாடு என்று வெனிஸ்காரரே சொல்கிறார். யாரோ முன்பே வந்து போயிருக்கிறார்கள். அது ஜோவாவ் வாஸின் வாள் என்று சொல்ல ஆசைப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டலிலிருந்து 1497-லும் 1498-லும் அந்தப் பக்கம் கிளம்பியவர் ஜான் கேபட், வெனிஸ் குடிமகன். நான்கு வருடம் முன்னால் இவர் இருக்கும்போது முப்பது வருடம் முன்னாலுள்ளவரை எதற்குத் தேட வேண்டும்?

மூன்றாவது கப்பலில் காஸ்பர் இருந்தார். அது வரவில்லை. 1502 மே மாதம் தம்பியைத் தேடி மிகேல் போனார். ஆளுக்கொரு பக்கம் தேடி, ஆகஸ்ட் 20-ல் ஓரிடத்தில் கூடுவதாகப் பேச்சு. மற்றவை வந்தன, மிகேலின் கப்பல் வரவில்லை. 1503-ல் அரசர் இரண்டு கப்பல் அனுப்பினார், தடயமே இல்லை. கடைசியில் மூத்தவர் வாஸ்கோ ஆனெஸ் நானே போகிறேன் என்று நின்றார். அரசர் விடவில்லை. ஒரு வீட்டில் மூன்றாவது பிள்ளையையும் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

1506-ல் அந்த நிலத்துக்கான உரிமை வாஸ்கோ ஆனெஸ் பெயருக்கு மாறியது. தம்பிகள் வழியாக வந்த உரிமையாகத்தான் மாறியது, அப்பா வழியாக இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பாறையில் 'கோர்த்தே-ரியால் 1511' என்று செதுக்கியிருக்கிறதாமே?

டைட்டன் பாறை. மாசசூசெட்ஸில் டான்டன் ஆற்றங்கரையில் கிடந்த 40 டன் பாறை; 1963-ல் தண்ணீரிலிருந்து மேலே ஏற்றிவிட்டார்கள், இப்போது ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. அதன் கீறல்களை 1680-லிருந்தே படம் வரைந்து எழுதி வருகிறார்கள். ஒருவர் ஃபினீசிய எழுத்து என்றார், ஒருவர் நார்ஸ் எழுத்து என்றார். 1918-ல் பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்மண்ட் டெலபார் அதில் மிகேல் கோர்த்தே-ரியால் பெயரையும் 1511 என்ற வருடத்தையும் படித்தார். டெலபார் என்ன பாடம் நடத்தினார் தெரியுமா? உளவியல். மனிதக் கண் எதை நினைத்துப் பார்க்கிறதோ அதையே காணும் என்பது அவர் துறைக்கே தெரிந்த விஷயம். அந்தக் கரையின் பூர்வகுடிகள் செதுக்கிய பாறை அது என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

சிலை ஒன்றும் இருக்கிறது, காஸ்பருக்கு. நியூஃபவுண்ட்லாந்தின் தலைநகர் செயின்ட் ஜான்ஸில், 1965-ல் போர்ச்சுக்கீசிய மீன்பிடிக் கப்பல்காரர்கள் நன்றிக்கடனாகக் கொடுத்தது. புயலுக்கு ஒதுங்க இடம் கொடுத்த ஊர் என்பதற்காக. அந்தக் கரையிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட மனிதர்களை நினைவுபடுத்தி, இந்தச் சிலை இங்கே இருக்கலாமா என்று சமீப வருடங்களில் அங்கேயே கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: கடைசியில் அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று? ஆங்ரா சொத்து யாருக்குப் போனது? (தபால்காரர், மறுபடியும்)

பத்திரக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஆண் வாரிசு வழி நின்று, சொத்து மார்கரிதா கோர்த்தே-ரியால் என்ற பெண்ணிடம் வந்தது. அவரைக் கட்டிக்கொண்டவர் கிறிஸ்தோவாவ் டெ மோரா. 1580-ல் போர்ச்சுக்கல் அரியணை காலியானபோது, அதை ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப்புக்குப் பேசி முடித்துக்கொடுத்த ஆள். அதற்குச் சன்மானமாகக் கோமான் பட்டங்கள். மனைவி வழியில் ஆங்ராவும் சாவ் ஜோர்ஜும்.

வேடிக்கை என்னவென்றால், போர்ச்சுக்கல் முழுக்க ஃபிலிப்புக்குப் பணிந்த பிறகும் டெர்செய்ரா பணியவில்லை. தீவே திரண்டு நின்று 1583 வரை ஸ்பெயினை எதிர்த்தது. அதன் கேப்டன் பதவியோ ஃபிலிப்பின் வலதுகையிடம். ஸ்பெயின் படை வந்து தீவைப் பிடித்த பிறகுதான் அந்தப் பத்திரம் செல்லுபடியாயிற்று. மோரா லிஸ்பன் ஆற்றங்கரையில் ஒரு பெரிய மாளிகை கட்டினார், அதற்கும் கோர்த்தே-ரியால் என்றே பெயர். 1751-ல் அது தீப்பிடித்து எரிந்தது. நான்கு வருடம் கழித்து வந்த நிலநடுக்கத்துக்கு அங்கே பெரிய வேலை இருக்கவில்லை.